ஸ்டீலா, கண்ணாடியா, ஹாப்பா? அடுப்பு வாங்குமுன் அழகையும் வசதியையும் எடைபோடும் விதம்

பெங்களூரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அடுப்பைப் பற்றித்தான். வீட்டுச் சாமான்களை வடிவமைக்கும் வேலையில் இருப்பவள் என்பதால் கேட்கிறார்கள். இன்டீரியர்காரர் அனுப்பிய முப்பரிமாணப் படத்தில் கறுப்புக் கண்ணாடி ஹாப், கிரானைட் மேடையோடு மேடையாகப் பதிந்து பளபளக்கிறது. ஊரிலிருந்து அம்மா, "ஸ்டீல் அடுப்புக்கு என்ன குறைச்சல்? தேய்த்தால் ஆச்சு" என்கிறார். கடைக்குப் போனால் இரண்டுக்கும் நடுவே கண்ணாடித் தளம் போட்ட அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. கணவருக்கு ஒன்று பிடிக்கிறது, மனைவிக்கு ஒன்று. சமைக்க வரும் அக்காவை யாரும் கேட்பதில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. தினமும் பலமுறை, அவசரத்தில், ஈரக் கையோடு, நெருப்புக்குப் பக்கத்தில் தொடும் பொருள் அடுப்பு. ஒரு பொருளின் அழகும் அதைக் கையாளும் வசதியும் எங்கே கைகோக்கின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது இதில் தெரிவதுபோல வேறு எதிலும் தெரியாது. அதனால் முதலில் எதை வைத்து அளப்பது என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## கடையில் ஒரு தீர்ப்பு, சமையலறையில் ஒரு தீர்ப்பு

1995இல் ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தில் மசாகி குரோசு, கவோரி கஷிமுரா என்ற இருவர் ஏடிஎம் திரையின் பொத்தான்களை 26 விதமாக அடுக்கி, 252 பேரிடம் காட்டினார்கள். எது அழகு, எது பயன்படுத்த எளிது என்று இரண்டையும் மதிப்பிடச் சொன்னார்கள். எது அழகாகத் தெரிந்ததோ அதையே மக்கள் எளிது என்றும் சொன்னார்கள். உண்மையில் வேலையை எளிதாக்கும் அம்சங்களோடு அந்த மதிப்பீடு அவ்வளவாக ஒட்டவில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த நோவம் டிராக்டின்ஸ்கி, தன் நாட்டில் இது எடுபடாது என்ற எதிர்பார்ப்போடு அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அங்கே அந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது.

2012இல் அலெக்சாண்டர் டுக் குழுவினர் ஓர் இணையக் கடையை வைத்துச் செய்த ஆய்வில் கதை மறுபக்கமிருந்து வந்தது. தளத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள், எரிச்சலூட்டிய வடிவத்துக்குப் பிறகு அழகிலும் மதிப்பெண் குறைத்தார்கள். அதாவது படாதபாடு படுத்திய பொருள், பார்க்கவும் பிடிக்காமல் போனது.

இரண்டு முடிவையும் சேர்த்துப் படித்தால் அடுப்புக் கடைக்கு நேராகப் பொருந்தும். கையில் எடுக்காத வரைக்கும், அழகான பொருளை வசதியான பொருள் என்று நம்பிவிடுகிறோம். கை வைத்துச் சில மாதம் ஆனதும் வசதிதான் அழகைத் தீர்மானிக்கிறது. கடையில் நாம் நிற்கும் நேரம் முழுவதும் முதல் வகைத் தீர்ப்புக்குள்தான் நிற்கிறோம். இரண்டாவது தீர்ப்பைக் கடையிலேயே கொஞ்சம் முன்கூட்டி வரவழைக்க வேண்டும். கீழே உள்ள அளவுகோல்கள் அதற்காகத்தான்.

## எதை வைத்து அளப்பது?

எந்தத் திருகு எந்த பர்னருக்கு? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1959இல் சப்பானிஸ், லிண்டன்பாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நான்கு பர்னர் அடுப்பை நான்கு விதமாக அமைத்துச் சோதித்தார்கள். ஒன்றில் பின்வரிசை பர்னர்களைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒவ்வொரு பர்னரும் தன் திருகுக்கு நேராக வரும்படி வைத்தார்கள். அதில் யாரும் தவறு செய்யவில்லை. பர்னர்கள் சதுரமாகவும் திருகுகள் ஒரே வரிசையாகவும் இருந்த மற்ற மூன்றிலும் தவறுகள் வந்தன. வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் பிறகு இதே அடுப்பு உதாரணத்தை உலகம் முழுக்க வடிவமைப்பு மாணவர்களிடம் கொண்டுசேர்த்தார். இத்தனைக்குப் பிறகும் நம் கடைகளில் நான்கு பர்னர் அடுப்பு பெரும்பாலும் சதுரமாகத்தான் இருக்கிறது. சதுரம் பார்க்க ஒழுங்காக இருக்கிறது, இடமும் குறைவாகப் பிடிக்கிறது. அந்த ஒழுங்குக்கான விலையைக் கை கொடுக்கிறது. குக்கரை அணைக்கப்போய் ரசத்தை அணைப்பது, எரியாத பர்னரின் திருகைத் திறந்துவிட்டு அடுத்ததில் லைட்டரைத் தட்டுவது எல்லாம் மறதியால் வருவதாக நினைத்துக்கொள்கிறோம். பலவும் அமைப்பால் வருபவை. மூன்று பர்னர் அடுப்பில் இடது, நடு, வலது என்று திருகும் அதே வரிசையில் நிற்பதால் இந்தக் குழப்பம் அநேகமாக இல்லை.

எழுத்தும் குறியும் தெரிகிறதா? கறுப்புக் கண்ணாடியில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு கண்ணுக்கு நயம்தான். கண்புரை உள்ள மாமியார் அதைப் பார்த்து அணைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். அச்சடித்த குறி தேய்த்துத் தேய்த்து அழியும். திருகிலேயே பள்ளமாகவோ மேடாகவோ குறி இருந்தால் அழியாது, விரலுக்கும் தெரியும்.

பொங்கி வழிந்தால் எங்கே போகும்? புது வீட்டில் நாம் செய்யும் முதல் காரியமே பால் காய்ச்சிப் பொங்கவிடுவது. அடுப்புக்கும் அதுவே முதல் பரீட்சை. கடைக்காரரிடம் பர்னர் மூடி, தாங்கி, அடியிலுள்ள தட்டு மூன்றையும் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். கூர்மையான விளிம்பு, விரல் நுழையாத சந்து, எந்தப் பக்கம் திருப்பினால் உட்காரும் என்று தெரியாத தாங்கி எல்லாம் அந்த நிமிடத்திலேயே பிடிபடும்.

உயரம். காலுள்ள அடுப்பு மேடைக்கு மேலே சுமார் 10 செ.மீ. ஏறி நிற்கும். ஹாப் மேடை மட்டத்தோடு உட்காரும். குள்ளமானவர் பெரிய குக்கருக்குள் எட்டிப் பார்த்துக் கிளற வேண்டிய வீட்டில் இந்த 10 செ.மீ. தோள்பட்டையில் தெரியும். உயரமானவருக்கு இதே கணக்கு தலைகீழ்.

பாத்திரம். நம் சமையலறையில் குழிந்த இருப்புச்சட்டி, அகலமான தோசைக்கல், உயரமான இட்லிப் பானை, டிகிரி காபிக்குச் சின்னப் பால் பாத்திரம் எல்லாம் உண்டு. முடிந்தால் வீட்டுத் தோசைக்கல்லையும் சின்னப் பால் பாத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். சிக்பேட்டைப் பக்கத்துப் பாத்திரக் கடையில் இதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

பழுது பார்ப்பது, வாடகை வீடா சொந்த வீடா, சிலிண்டரா குழாய் எரிவாயுவா என்பவை மீதி. அவற்றை ஒவ்வொரு அடுப்போடும் சேர்த்துச் சொல்கிறேன்.

## ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுப்பு

கையாளும் வசதியில் இதற்கு நிகர் இல்லை. எடை குறைவு. ஒருவரே தூக்கி நிறுத்தி அடியில் துடைக்கலாம். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்தாலும், சூடாக இருக்கும்போது தண்ணீர் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது. கனமான குக்கரை ஓங்கி வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்ளும். திருகு இறுகிப்போனாலோ ஜெட் (பர்னருக்குக் கேஸ் வரும் சின்னத் துளையுள்ள மூக்கு) அடைத்துக்கொண்டாலோ, அல்சூர், சிவாஜிநகர் மாதிரி பழைய பகுதிகளில் சின்ன ரிப்பேர் கடையிலேயே முடித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு வேறு. பொங்கியது எல்லாம் பர்னரைச் சுற்றி அடிக்குப் போகும். தூக்கித் துடைக்க ஒருவாரம் சோம்பல்பட்டால் எறும்பும் கரப்பானும் வந்துவிடும். பர்னர் ஓரத்தில் ஸ்டீல் சூட்டில் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும், அது முழுதாகப் போகாது. மெல்லிய தகட்டில் செய்த மலிவு மாடல் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும். வாங்கும்போது ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள்.

இதில் அழகு இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. தேவையில்லாத எதுவும் இல்லாத, தேய்த்துத் துடைத்து வெயிலில் காயவைத்த ஸ்டீலுக்கு ஒரு தெளிவு உண்டு. நம் பாட்டிமார் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தத் தெளிவுக்காகத்தான். ஆனால் ஹாலிலிருந்து பார்த்தால் சமையலறை முழுசாகத் தெரியும் திறந்த அமைப்பு ஃபிளாட்டில், இந்த அழகைத் தினமும் உழைத்துத்தான் தக்கவைக்க வேண்டும். அந்த உழைப்பு வீட்டில் யார் தலையில் விழுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு, அடிக்கடி வீடு மாறும் வேலை, இரண்டுமூன்று பேராகப் பகிர்ந்து தங்கும் வீடு, நாளுக்கு மூன்று வேளை கனமாகச் சமைக்கும் பெரிய குடும்பம் என்றால் இதுதான் சரி.

## கண்ணாடி அடுப்பு

பெங்களூரில் இன்று அதிகம் வாங்கப்படுவது எனக்குத் தெரிந்த வட்டத்தில் இதுதான். காரணம் நியாயமானது. வழிந்தது மேலேயே நிற்கும், ஈரத்துணியால் ஓர் இழுப்பில் போய்விடும். விளிம்பு, மடிப்பு, திருகாணி என்று அழுக்கு ஒளியும் இடம் குறைவு. அழகும் வசதியும் இங்கே ஒரே திசையில் இழுக்கின்றன. சமமான தளம் கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது, துணிக்கும் நன்றாக இருக்கிறது.

ஆனால் கண்ணாடியின் குணத்தைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். இது கடினப்படுத்திய கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு இறுகி, உள்பகுதி இழுவிசையில் நிற்கும். அதனால்தான் குக்கர் எடையைத் தாங்குகிறது. அதனாலேயே ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னத் துண்டாக உதிர்கிறது. நடுவில் விழும் அடியைவிட ஓரத்தில் படும் அடி ஆபத்து. தாங்கியைவிட மிக அகலமான தோசைக்கல்லையோ அண்டாவையோ வைத்தால் தீயின் சூடு கீழே திரும்பிக் கண்ணாடியில் படும். சூடான தளத்தில் குளிர்ந்த ஈரத்துணி போடுவதும் கூடாது. பழுதான பர்னரின் தீ பக்கவாட்டில் சீறினால் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத, போர்வெல்லும் டேங்கருமாக ஓடும் பகுதிகளில் தண்ணீரில் உப்பு அதிகம். கறுப்புக் கண்ணாடியில் துடைத்த துணி காய்ந்ததும் வெள்ளைத் திட்டுத் தெரியும். எண்ணெய்க் கை வைத்தால் ரேகை தெரியும். ஒயிட்ஃபீல்டு பக்கம் புதுக் குடியிருப்புகளில் இதுதான் வழக்கமான புலம்பல். கறுப்பு என்பது கண்காட்சிக்கு எடுப்பான நிறம், உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாத நிறம். வெளிர் நிறமோ வடிவம் அச்சிட்டதோ கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: கண்ணாடி எத்தனை மி.மீ., உடைந்தால் மாற்றித் தருவார்களா, பர்னர் பித்தளையா அலுமினியக் கலவையா, ஐஎஸ்ஐ முத்திரை உண்டா. வீட்டு எல்பிஜி அடுப்புக்கான ஐஎஸ் 4246 தரநிர்ணயம் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடி எவ்வளவு மின்னினாலும் கேஸ் செலவைத் தீர்மானிப்பது பர்னர்தான்.

சொந்த வீட்டிலோ நீண்டகால வாடகையிலோ இருந்து, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வேளை நிதானமாகச் சமைத்து, ஒரே ஆளோ இரண்டு பேரோ கையாளும் அடுப்பு என்றால் மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு நல்ல தேர்வு.

## மேடையில் பதிக்கும் ஹாப்

படத்தில் அழகு இதுதான். அதை மறுக்க வேண்டியதில்லை. தினமும் ஓரிரண்டு மணி நேரம் நிற்கும் இடம் கண்ணுக்கு இதமாக இருப்பது ஆடம்பரம் ஆகாது. ஆனால் அந்தப் படத்தில் எண்ணெய்த் தூக்கு இல்லை, கரண்டி இல்லை, அஞ்சறைப் பெட்டி இல்லை, குக்கர் இல்லை. வெறும் மேடையின் அழகை வைத்து வேலை நடக்கும் மேடையை முடிவு செய்யச் சொல்கிறது.

உண்மையான வசதிகளும் இதில் உண்டு. அடியில் இடுக்கு இல்லாததால் வழிந்தது கீழே ஒளியாது. பாத்திரம் நிற்கும் உயரம் குறைகிறது. நல்ல ஹாப்களில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கும். பர்னர் ஓரத்தில் ஒரு சின்ன உணர்கம்பி சூட்டில் இருக்கும்வரைதான் வால்வு திறந்திருக்கும், பால் பொங்கித் தீ அணைந்தால் கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். பற்றவைத்ததும் திருகைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். சமையலுக்கு வரும் அக்காவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் "எரிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு, ஹாப்பின் தோற்றத்தைவிட இந்த ஒரு வசதிக்காகவே கூடுதலாகப் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மறைசெலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, மேடையில் போடும் துளை. ஒவ்வொரு மாடலுக்கும் துளையின் அளவு வேறு. பிற்காலத்தில் ஹாப்பை மாற்றினால் புதியது அந்தத் துளைக்குள் உட்காராமல் போகலாம். கிரானைட்டைப் பெரிதாக வெட்டலாம், சிறிதாக்க முடியாது. இரண்டாவது, கேஸ் டியூப் கண்ணுக்கு மறைகிறது. கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிற டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கண்ணில் படாத டியூபை யாரும் நினைப்பதில்லை. மூன்றாவது, காற்று. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அடிப்பக்கம் காற்றோட்டத் துளை கட்டாயம் வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போகும், அதற்கு மேல்பக்கத் திறப்பு வேண்டும். இன்டீரியர் கதவு அழகாக இருக்க வேண்டும் என்று இந்தத் துளைகளை விட்டுவிடுவதுதான் நான் பார்க்கும் தவறுகளிலேயே மோசமானது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெங்களூரின் பல குடியிருப்புகளில் இப்போது குழாய் எரிவாயு வருகிறது. சிலிண்டரிலிருந்து அதற்கு மாறும்போது எந்த அடுப்பானாலும் ஜெட் மாற்ற வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கு ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். ஹாப்பில் இதை அந்த நிறுவனத்தின் ஆள் வந்துதான் செய்வார் என்ற நிலை வரலாம். உங்கள் பகுதிக்கு அவர்களின் சர்வீஸ் உண்டா என்று வாங்குமுன்பே கேளுங்கள்.

சொந்த வீடு, குறைந்தது பத்து வருடம் இருப்போம் என்ற உறுதி, மேடையே இனிமேல்தான் கட்டப்போகிறோம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஹாப் வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் தயங்குவேன்.

## இண்டக்‌ஷனைப் பற்றியும் கேட்கிறார்கள்

இரண்டாவது அடுப்பாக நல்லது, ஒரே அடுப்பாக நம் சமையலுக்குப் போதாது. ஈயச்சொம்பும் கல்சட்டியும் அலுமினிய இட்லிப் பானையும் இதில் வேலை செய்யாது. குழிந்த சட்டி உட்காராது. தொடுதிரைப் பொத்தான்கள் ஈரவிரலுக்கு முரண்டு பிடிக்கும். தொடுதளம் சுத்தமாகத் தெரிகிறது என்பதற்காகத் திருகை எடுத்துவிடும் போக்கு கார்களிலும் வந்து, இப்போது அங்கே பின்வாங்குகிறார்கள். யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு, 2026 முதல் உச்ச மதிப்பீடு வேண்டுமென்றால் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் உணரக்கூடிய தனிப் பொத்தான் வேண்டும் என்கிறது. பார்க்காமலே கை தேடிப்போகும் பொருளுக்குத் திருகுதான் ஏற்றது. இண்டக்‌ஷன் வாங்கினால் திருகு வைத்த மாடலைத் தேடுங்கள், கிடைக்கிறது.

## ஒரே பார்வையில்

| | ஸ்டீல் அடுப்பு | கண்ணாடி அடுப்பு | ஹாப் |
|---|---|---|---|
| முதல் நாள் தோற்றம் | சாதாரணம் | எடுப்பு | மிக எடுப்பு |
| ஐந்தாம் ஆண்டுத் தோற்றம் | நிறம் மாறும், உழைக்கும் | பராமரித்தால் அப்படியே, தண்ணீர்க் கறை தெரியும் | பராமரித்தால் அப்படியே, தண்ணீர்க் கறை தெரியும் |
| தினசரித் துடைப்பு | தூக்கித் துடைக்க வேண்டும் | மிக எளிது | எளிது |
| முரட்டுக் கை | தாங்கும் | ஓரத்தில் பட்டால் ஆபத்து | கண்ணாடி என்றால் அதே ஆபத்து |
| வீடு மாறினால் | கையோடு வரும் | பத்திரமாகக் கட்ட வேண்டும் | துளை அங்கேயே நிற்கும் |
| பழுது | தெருமுனையில் | அநேகமாக அருகிலேயே | நிறுவன ஆள் |
| மறைசெலவு | துடைக்கும் உழைப்பு | கண்ணாடி மாற்று | துளை, காற்றோட்டம், சர்வீஸ் |

## இன்னும் முடிவு வரவில்லை என்றால்

வாடகை வீட்டில் இருந்துகொண்டு அழகும் வேண்டும் என்பவர்கள் மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பை எடுங்கள், நான்கு வேண்டாம். வீட்டில் நான்கு பேர் மாறிமாறிச் சமைப்பார்கள், அதில் ஒருவர் பொருட்களைப் போட்டு உடைப்பவர் என்றால் ஸ்டீல்தான். அழகுக்கான பணத்தை மேலே நல்ல விளக்குக்குச் செலவு செய்யுங்கள், வெளிச்சத்தில் ஸ்டீல் அடுப்பே நன்றாகத் தெரியும், சமைப்பவருக்கும் கண் நோகாது.

ஹாப் என்று முடிவு செய்துவிட்டவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவாக மேடை போட்டு, கிரானைட் ஒட்டி, கடைசியில் ஹாப் வாங்குகிறார்கள். முதலில் மாடலை முடிவு செய்து, வீட்டில் அதிகம் சமைப்பவரை அந்த உயரத்தில் நிற்கவைத்து, காலிக் குக்கரில் கரண்டியால் கிளறச் சொல்லிப் பாருங்கள். முழங்கை தோளுக்கு ஏறாமல் இருந்தால் உயரம் சரி. அதன்பிறகு மேடை உயரத்தை மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ஒரே அளவில் துளை கேட்கும் இன்னும் இரண்டு மூன்று மாடல்கள் சந்தையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் அந்த அளவையே தேர்ந்தெடுங்கள். துளையின் நீள அகலத்தை பில்லின் பின்பக்கம் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கமும் ஒட்டிவையுங்கள். டியூப் மாற்றிய தேதியையும் அதே இடத்தில் எழுதலாம்.